கப்பல் பூச்சின் நஞ்சை அளக்க ஏன் நத்தை?

தூத்துக்குடியில் கடல் உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கப்பலின் அடியில் பூசும் நச்சுப் பூச்சு கடலில் கலந்திருக்கிறதா என்று பார்க்க, பெண் நத்தைக்கு ஆண்குறி முளைத்திருக்கிறதா என்று அளக்கிறார்களாமே, உண்மையா? நீரை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதாதா? நம் ஊரில் இதைச் செய்ய முடியுமா?"

உண்மைதான். கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், வகுப்பில் நான் சொல்லும்போதும் சிரிப்பார்கள். ஆனால் கடல் மாசைக் கண்காணிக்க நம்மிடம் இருக்கும் வழிகளில் இவ்வளவு நேர்மையான இன்னொன்றை நான் பார்த்ததில்லை. நீரை எடுத்து அனுப்பினால் போதாதா என்ற கேள்விக்கு, இந்த முறை உருவான காலத்தில் போதவில்லை என்பதே பதில். நத்தைக்குத் தெரிந்தது கருவிக்குத் தெரியவில்லை.

முதலில் பூச்சைப் பற்றி. மரமோ இரும்போ, கடலில் மிதக்கும் எதன் அடியிலும் சில வாரங்களில் பாசி படரும், பிறகு கொட்டலசு (பார்னக்கிள்) ஒட்டும், அதன் மேல் மட்டி ஏறும். கப்பலின் அடிப்பாகம் சொரசொரப்பானால் நீர் இழுக்கும், வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு ஏறும். பழங்காலத்தில் இதற்குத் தார் பூசினார்கள், ஈயத் தகடு அடித்தார்கள், பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை செப்புத் தகடு போர்த்தியது. 1960-களில் டிரைபியூட்டைல்டின் வந்தது. இனி டி.பி.டி. என்றே எழுதுகிறேன். வெள்ளீய அணு ஒன்றுடன் மூன்று பியூட்டைல் தொகுதிகள் சேர்ந்த சேர்மம் இது. இதே குடும்பத்துச் சேர்மங்களை அப்போது நன்னீர் நத்தைகளைக் கொல்லவும் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணிப் புழுவை மனிதருக்குப் பரப்பும் நத்தைகள் அவை. நத்தையைக் கொல்லத் தெரிந்தே தேடிய பொருள், வேறொரு நத்தையை வேறொரு கடலில் தாக்கியபோது எல்லோரும் வியந்தது எனக்கு இன்றும் வியப்பு.

1970-களில் இந்தப் பூச்சு இன்னும் திறமையான வடிவம் எடுத்தது. நஞ்சு பூச்சின் பிசினோடு வேதியியல் முறையில் கட்டப்பட்டிருக்கும். சற்றே காரத்தன்மை கொண்ட கடல்நீர் பட்டதும் அந்தக் கட்டு அறுந்து டி.பி.டி. வெளியேறும். மேல்படலம் நலிந்து, ஓடும் நீரில் உரிந்து போகும். அடியில் புதுப் படலம் தெரியும். கப்பல் ஓட ஓடத் தன்னைத் தானே வழவழப்பாக்கிக்கொள்ளும் பூச்சு. ஒருமுறை பூசினால் சுமார் ஐந்து ஆண்டுகள் கவலையில்லை. கப்பல் உரிமையாளர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி இருக்க முடியாது.

கசப்பு முதலில் தெரிந்தது பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில். சிப்பி வளர்ப்புக்குப் பெயர்போன இடம். 1970-களின் பிற்பாதியில் அங்கே சிப்பிக் குஞ்சுகள் ஆண்டுக்காண்டு தவறின. வளர்ந்த சிப்பிகளின் ஓடு அடுக்கடுக்காகத் தடித்து, இடையிடையே வெற்றறைகள் விழுந்து, சிப்பியே பந்துபோல உருண்டது. அதே விரிகுடாவில் ஆயிரக்கணக்கான உல்லாசப் படகுகள் நின்றன. 1982 ஜனவரியில் பிரான்ஸ், 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் இந்தப் பூச்சுக்குத் தடை விதித்தது. பணம் புரளும் தொழில் பாதிக்கப்பட்டால்தான் அரசு அசையும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நத்தையை யாரும் விற்பதில்லை, ஆகவே நத்தையின் முறை வரக் கொஞ்சம் காலம் பிடித்தது.

நத்தையின் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1970-இல் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரையில் ஸ்டீபன் பிளேபர் என்ற ஆய்வாளர், நியூசெல்லா லாபிலஸ் என்ற நத்தையின் பெண்களில், வலது உணர்கொம்புக்குப் பின்னால் ஆண்குறி போன்ற ஒரு புடைப்பு இருப்பதைப் பதிவுசெய்தார். ஆங்கிலேயர் டாக் வெல்க் என்று அழைக்கும் இந்த நத்தை, அலை வந்து போகும் பாறைகளில் வாழ்ந்து, கொட்டலசையும் மட்டியையும் துளையிட்டுத் தின்பது. 1971-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் கரையில் ஸ்மித் என்பவர் வேறோர் இன நத்தையில் இதையே கண்டு இம்போசெக்ஸ் என்று பெயரிட்டார். பெண்ணின் உடல்மீது ஆண் உறுப்புகள் சுமத்தப்படுகின்றன என்பது பொருள். பெண் ஆணாக மாறுவதில்லை என்பதைக் கவனியுங்கள். பெண் உறுப்புகள் அப்படியே இருக்கும், அவற்றின் மேல் ஆண்குறியும் விந்துக்குழாயும் கூடுதலாக முளைக்கும். அதே ஸ்மித் 1981-இல், படகுத்துறைக்கு அருகே இது மிகுதி, தள்ளிப்போனால் குறைவு என்று காட்டி, காரணம் டி.பி.டி. பூச்சுதான் என்றார்.

இதைக் கண்காணிப்பு முறையாக மாற்றியவர்கள் பிளிமத்தின் பிரையன், கிப்ஸ் குழுவினர். 1986-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, தென்மேற்கு இங்கிலாந்தின் கரையோரங்களில் டாக் வெல்க் அருகிவருவதையும் அதற்கு டி.பி.டி.யே காரணம் என்பதையும் சேர்த்தே நிறுவியது. அதில் எனக்குப் பிடித்த பகுதி இடமாற்றச் சோதனை. தூய கரையிலிருந்து எடுத்த நத்தைகளைப் படகுத்துறை உள்ள கழிமுகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பெண்களுக்கும் ஆண்குறி வளர்ந்தது. பரம்பரையோ ஊரின் தனித்தன்மையோ காரணமில்லை, அந்த நீர்தான் காரணம் என்று காட்ட இதைவிட எளிய வழி ஏது?

எவ்வளவு குறைந்த அளவு போதும் என்பதுதான் அதிர்ச்சி. ஒரு லிட்டரில் அரை நானோகிராம் வெள்ளீயம் டி.பி.டி. வடிவில் இருந்தாலே பெண்ணின் உடலில் மாற்றம் தொடங்கிவிடும். ஒன்று, இரண்டு நானோகிராமைத் தாண்டினால் மலடாகத் தொடங்கும். நானோகிராம் என்றால் மனத்தில் பதியாது. நூறு ஹெக்டேர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள ஓர் ஏரியை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் ஒரு கிராம் வெள்ளீயத்தைக் கரைத்தால் கிடைப்பது லிட்டருக்கு ஒரு நானோகிராம். 1980-களின் நடுவில் வழக்கமான நீர்ப் பரிசோதனைக்கு இந்த அளவு தட்டுப்படுவதே கடினம். வேதியியலாளரின் தாளில் "கண்டறியப்படவில்லை" என்று இருக்கும், கரையில் நத்தை மலடாகிக்கொண்டிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கப்போகிறீர்கள் என்பதால். சிலர் அளவை வெள்ளீயமாகக் கணக்கிட்டு எழுதுவார்கள், சிலர் முழு டி.பி.டி.யாக எழுதுவார்கள். வெள்ளீயமாக ஒரு நானோகிராம் என்பது டி.பி.டி.யாக ஏறத்தாழ 2.4 நானோகிராம். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் இரு கட்டுரைகளை ஒப்பிட்டுத் தவறான முடிவுக்கு வந்தவர்கள் ஏராளம்.

அரசுகளின் வரம்பு எப்படி இறங்கியது என்று பாருங்கள். பிரிட்டன் 1985-இல் சிப்பியை மனத்தில் வைத்து லிட்டருக்கு 20 நானோகிராம் டி.பி.டி. என்று இலக்கு வைத்தது. நத்தையின் சாட்சியம் வந்த பிறகு அது 2 ஆனது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆண்டுச் சராசரி வரம்பு 0.2. ஒவ்வொரு முறையும் பத்தில் ஒன்று.

ஏன் நத்தை மட்டும் இப்படி ஆகிறது? நஞ்சு ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் நொதியைத் தடுக்கிறது, அதனால் உடலில் ஆண் ஹார்மோன் தேங்குகிறது என்றே நெடுங்காலம் பாடம் நடத்தினோம். 2004-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தப் பாடத்தைத் திருத்தினார்கள். உயிரணுவுக்குள் ஆர்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பி உண்டு, வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம் அதனோடு இணையும். டி.பி.டி.யும் அதே பூட்டில் பொருந்தும் கள்ளச்சாவி. அவர்கள் அந்த அமிலத்தின் ஒரு வடிவத்தையே தனியாகப் பெண் நத்தைகளுக்கு ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார்கள். வெள்ளீயம் துளியும் இல்லாமல் ஆண்குறி முளைத்தது. மெல்லுடலிகளுக்கு நம்மைப் போன்ற ஆண் ஹார்மோன் அமைப்பு இருக்கிறதா என்பதிலேயே பலருக்கு ஐயம் இருந்ததால், இந்த விளக்கம் விரைவில் வேரூன்றியது.

இனி அளக்கும் முறை. இதில் விலையுயர்ந்த பொருள் ஒன்றுமில்லை என்பதே அழகு. ஓர் இடத்திலிருந்து முழு வளர்ச்சி அடைந்த நாற்பது நத்தைகள் போல எடுக்கிறோம். மெக்னீசியம் குளோரைடு கரைசலில் இட்டு மயக்குகிறோம். மயக்காமல் உடைத்தால் உடல் சுருண்டு அளவு பொய்யாகும். பிறகு பட்டறை வைஸில் வைத்து ஓட்டை மெதுவாக உடைத்து உடலை வெளியே எடுக்கிறோம். உள்ளே முட்டையுறை செய்யும் சுரப்பி இருந்தால் அது பெண், ஆண்குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும். முதல்முறை செய்பவர்கள் செய்யும் தவறு இதுதான்: குறியைப் பார்த்து ஆண் என்று எழுதிவிடுவார்கள். நன்றாக மாசுபட்ட இடத்து நத்தைகளை அப்படிப் பார்த்தால் "இங்கே பெண்களே இல்லை" என்ற விந்தையான முடிவு கிடைக்கும்.

இரண்டு எண்களைக் கணக்கிடுகிறோம். முதலாவது, பெண்களின் ஆண்குறி நீளச் சராசரியின் கன மதிப்பை (2 என்றால் 2×2×2), ஆண்களுடையதன் கன மதிப்பால் வகுத்து, நூற்றால் பெருக்குவது. பெண்ணுக்கு 2 மில்லிமீட்டர், ஆணுக்கு 4 என்றால், 8-ஐ 64-ஆல் வகுத்து 12.5 சதவீதம். நீளத்தின் கன மதிப்பை ஏன் எடுக்க வேண்டும்? உறுப்பின் பருமனை ஒப்பிடுவதற்காக. இந்த எண்ணுக்கு ஒரு பலவீனம் உண்டு, ஆணின் அளவே பருவத்துக்குப் பருவம் மாறும். எனவே இரண்டாவது எண்ணையே நான் அதிகம் நம்புகிறேன். விந்துக்குழாய் எந்தக் கட்டம் வரை வளர்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண் போட்டுச் சராசரி எடுப்பது அது. நான்காவது கட்டம் வரை பெண் முட்டையிடும். ஐந்தில், வளரும் குழாயின் திசு முட்டை வெளியேறும் வாயை அடைத்துவிடும். ஆறில், வெளியே போக வழியில்லாத முட்டையுறைகள் உள்ளேயே கருத்துக் கட்டியாகக் கிடக்கும். ஓட்டை உடைத்து அந்தக் கரிய கட்டியை முதன்முறை பார்த்த நாளில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக் வெல்க் ஏன் இவ்வளவு நல்ல சாட்சி என்பதற்கு அதன் பிறப்பும் காரணம். பெரும்பாலான கடல் மெல்லுடலிகளின் குஞ்சுகள் நீரோட்டத்தில் வாரக்கணக்கில் மிதந்து எங்கோ போய் ஒட்டும். இதன் குஞ்சோ கோதுமை மணி போன்ற உறைக்குள்ளேயே வளர்ந்து, குட்டி நத்தையாகவே பாறையில் ஊர்ந்து இறங்கும். பிறந்த பாறையிலிருந்து சில மீட்டர் தள்ளி ஆயுளை முடித்துவிடும். ஆகவே அதன் உடல் சொல்வது அந்தப் பாறையின் வரலாறு, பக்கத்து ஊருடையது அல்ல. இதே குணம் அதற்கே வினையாகவும் முடிந்தது. பெண்கள் மலடான கரையில், வெளியிலிருந்து வந்து நிரப்பக் குஞ்சுகள் இல்லாமல், இனமே அற்றுப்போனது.

இந்த முறையின் வலிமையை உணர ஸ்காட்லாந்தின் வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் உள்ள சல்லம் வோவைப் பார்க்க வேண்டும். அது நீண்டு உள்வாங்கிய கடற்கழி. வடகடல் எண்ணெய் ஏற்றும் பெரும் முனையம் 1978-இல் அங்கே இயங்கத் தொடங்கியது. 1987-இல் நத்தைகளை ஆராய்ந்தபோது எண்ணெய்க் கப்பல்கள் வந்து நிற்கும் துறைமேடைகளை ஒட்டிப் பாதிப்பு உச்சத்தில் இருந்தது, கழியின் வாயை நோக்கிப் போகப் போகக் குறைந்தது. வரைபடத்தில் எண்களைக் குறித்தாலே போதும், நஞ்சின் ஊற்று எது என்று விரல் நீட்டிக் காட்டிவிடும்.

அந்த 1987-இல்தான் பிரிட்டன் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்குத் தடை கொண்டுவந்தது. தெற்கு இங்கிலாந்தின் உல்லாசப் படகுத்துறைகளில் நிலைமை மெல்லச் சீரானது. சல்லம் வோவில்? அங்கே வருபவை முந்நூறு மீட்டர் நீளக் கப்பல்கள், சட்டம் அவற்றைத் தொடவே இல்லை. 1990-கள் முழுவதும் அங்கத்து நத்தைகள் பாதிக்கப்பட்டே இருந்தன. "சிறு படகுகள்தான் சிக்கல், பெரிய கப்பல்கள் ஆழ்கடலில் ஓடுவதால் பாதிப்பில்லை" என்ற வாதம் அன்று பலமாக ஒலித்தது. வடகடலின் கப்பல் தடங்களில் ஆழத்தில் வாழும் புக்சினம் என்ற பெரிய நத்தையிலும் இம்போசெக்ஸ் கண்டறியப்பட்டதும் அந்த வாதத்துக்கு நிற்க இடம் இல்லாமல் போயிற்று.

சர்வதேசக் கடல்சார் அமைப்பின் உடன்படிக்கை 2001 அக்டோபரில் ஏற்கப்பட்டது. டி.பி.டி. பூச்சை 2003 ஜனவரி முதல் புதிதாகப் பூசக்கூடாது, 2008 ஜனவரி முதல் எந்தக் கப்பலின் அடியிலும் அது நீரில் படும்படி இருக்கக்கூடாது என்றது. போதுமான நாடுகள் ஒப்புதல் அளித்து உடன்படிக்கை நடைமுறைக்கு வரவே 2008 செப்டம்பர் ஆகிவிட்டது. அதற்குள் ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் தனிச் சட்டம் போட்டிருந்தது. அதன் பிறகு சல்லம் வோவிலும் எண்கள் இறங்கின. ஒரு சட்டம் உண்மையில் வேலை செய்ததா என்பதைப் பாறையில் ஊரும் பிராணியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கிடைப்பது அரிது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். வந்த ஆண்குறி பெரும்பாலும் போகாது. எனவே ஐந்தாறு வயது நத்தை இன்றைய நீரைப் பற்றிச் சொல்கிறதா, தன் குஞ்சுப் பருவத்து நீரைப் பற்றிச் சொல்கிறதா என்று பிரித்தறிய முடியாது. இளம் நத்தைகளைத் தனியாக எடுத்துப் பார்த்தால்தான் அண்மைய நிலை தெரியும். அடுத்தது, கென்ட் கரையில் டம்ப்டன் கேப் என்ற இடத்தின் புதிர். நஞ்சு மிகுந்திருந்தும் அங்கே நத்தைகள் ஒழியவில்லை. ஆராய்ந்தால், அங்குள்ள ஆண்களில் ஒரு பகுதிக்கு ஆண்குறியே இல்லை அல்லது மிகச் சிறியது. பரம்பரைக் குறைபாடு. அதே குறைபாட்டைச் சுமந்த பெண்களுக்கு டி.பி.டி. பட்டாலும் உறுப்பு சரியாக வளரவில்லை, வாய் அடைபடவில்லை, முட்டையிட்டார்கள். சாதாரணக் காலத்தில் ஊனம் எனப்பட்டது நஞ்சின் காலத்தில் உயிர்காத்தது. அங்கே மட்டும் நத்தையின் எண்ணை நம்பி நீரைத் தூயது என்று சொல்லியிருந்தால் ஏமாந்திருப்போம்.

எல்லாவற்றிலும் பெரிய வரம்பு, இது ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும் என்பது. வெள்ளீயத்தின் இடத்தைச் செம்பும், அதற்குத் துணையாகச் சில களைக்கொல்லிகளும் பிடித்துக்கொண்டன. அவற்றில் ஒன்றான சைபியூட்ரின் பாசிகளின் ஒளிச்சேர்க்கையையே முடக்குவது, 2023-இலிருந்து அதையும் அதே உடன்படிக்கை தடுக்கிறது. இவை எதுவும் நத்தைக்கு ஆண்குறி முளைக்க வைப்பதில்லை. "இம்போசெக்ஸ் இல்லை, ஆகவே துறைமுகம் சுத்தம்" என்று யாராவது அறிக்கை எழுதினால் நம்பாதீர்கள்.

உங்கள் ஊரில் முடியுமா? டாக் வெல்க் வட அட்லாண்டிக்கின் பிராணி, இங்கே கிடையாது. ஆனால் இம்போசெக்ஸ் உலகெங்கும் இருநூறுக்கு மேற்பட்ட நத்தையினங்களில் பதிவாகியிருக்கிறது. இந்தியக் கரைக்கு கைரினியம் நாட்டேட்டர் என்ற சிறு நத்தை ஏற்ற குறிகாட்டியாகலாம் என்று கோவாவின் தேசியக் கடலாய்வியல் கழகத்தினர் 2006-இல் எழுதினார்கள். அதை எடுத்தால் ஒன்றை மறக்காதீர்கள்: அந்தக் குடும்பத்து நத்தைகளின் குஞ்சுகள் நீரில் நெடுநாள் மிதப்பவை. உள்ளூர்ப் பெண்கள் அத்தனையும் மலடானாலும் வெளியிலிருந்து குஞ்சுகள் வந்து சேரும், பாறையில் எண்ணிக்கை குறையாது. எண்ணிப் பார்த்து முடிவு சொல்ல முடியாது, ஓட்டை உடைத்துத்தான் ஆக வேண்டும். மன்னார் வளைகுடாவின் சங்கோ, உறைக்குள்ளேயே வளர்ந்து குட்டிச் சங்காக வெளிவருவது. அந்த வகையில் டாக் வெல்க்குக்கு நெருக்கமான பிறப்பு அதற்கு. ஆனால் மணலடியில் வாழ்வது, முக்குளித்து எடுக்க வேண்டும், விலையும் உண்டு. மாணவர் ஆய்வுக்கு நாற்பது சங்கை உடைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

எந்த இனத்தை எடுத்தாலும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் அது இல்லை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். சில கடல் நத்தைகள் அதில் இருக்கின்றன. துறைமுகத்தை ஒட்டி ஓர் இடம், ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஓர் இடம், கப்பல் வாடையே இல்லாத ஓர் இடம் என்று குறைந்தது மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். துறைமுகத்தில் எப்போது தூர்வாரப்போகிறார்கள் என்றும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். நீரில் டி.பி.டி. சில நாட்கள் முதல் சில வாரங்களில் பாதியாகக் குறையும். காற்றுப்படாத அடிச்சேற்றிலோ ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும், பூச்சு உரித்த பழைய செதில்களும் அங்கேதான் புதைந்திருக்கும். தூர்வாரினால் அவை கிளறப்பட்டு நஞ்சு மீண்டும் நீரில் கலக்கலாம். தூர்வாருவதற்கு முன் ஒருமுறையும், ஓராண்டு கழித்து இளம் நத்தைகளை மட்டும் ஒருமுறையும் எடுத்துப் பாருங்கள்.